தயிருக்குள் ஒரு பட்டாளம்!

வயிற்றில் அது என்ன செய்கிறது? என்ன செய்யாது?

கம்பம் பள்ளத்தாக்கில் மோர் இல்லாமல் சாப்பாடு முடிவது இல்லை.

குழம்பு, ரசம் என்று வகை வகையாகச் சாப்பிட்டாலும், கடைசியில் ஒரு கை மோர்ச் சோறு வேண்டும். திராட்சைத் தோட்டத்துக்கும் வாழைத் தோப்புக்கும் வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளியில் பழைய சோறும் மோரும் இருக்கும். சித்திரை மாதம் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழாவுக்கு வருகிற கூட்டம், வெயிலுக்கு நீர்மோர் குடித்துத் தாகம் தீர்த்துக்கொள்கிறது.

"மோர் வயிற்றுக்கு நல்லது." இது பாட்டி சொல்லிக் கொடுத்த பாடம்.

இப்போது தேனியிலும் கம்பத்திலும் மருந்துக் கடைகளில் வேறொன்று விற்கிறார்கள். மாத்திரை, பொடி, சின்னச் சின்னப் பாட்டில்கள். அதன் பெயர் "புரோபயாட்டிக்". நல்லது செய்யும் கிருமிகளை உயிரோடு அடைத்துக் கொடுப்பதுதான் அது. "குடலைக் காக்கும்; நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று விளம்பரம் சொல்கிறது.

பாட்டி சொன்னது உண்மையா? விளம்பரம் சொல்வது உண்மையா? காசு கொடுத்து வாங்குவதா, தயிர்ச் சட்டியே போதுமா?

விஞ்ஞானிகள் இதை நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டது என்ன? பார்ப்போம்.

பால் தயிராவது எப்படி?

காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறை மோர் ஊற்றுகிறோம். காலையில் பார்த்தால் தயிர்! இதைச் செய்தது யார்?

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அந்த ஒரு கரண்டி மோரில் அவை பல கோடி இருக்கின்றன.

பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதைக் கிருமிகள் தின்கின்றன. தின்றுவிட்டு ஒரு புளிப்பு அமிலத்தை வெளியே விடுகின்றன. புளிப்பு ஏற ஏற, பாலில் உள்ள புரதம் திரண்டு கெட்டியாகிறது. அதுதான் தயிர்.

இந்தக் கிருமிகளுக்கு வெதுவெதுப்பான சூடு பிடிக்கும். அந்தச் சூட்டில் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். அதனால்தான் சித்திரை வெயிலில் தயிர் சீக்கிரம் உறைந்து புளித்துவிடுகிறது. மார்கழிப் பனியில் உறைய மறுக்கிறது. அப்போது பெண்கள் உறையைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுவார்கள். சட்டியை அடுப்படியில் வைப்பார்கள். அரிசிப் பானைக்குள் வைப்பவர்களும் உண்டு. கிருமிக்குக் குளிராமல் இருக்கச் செய்யும் ஏற்பாடுதான் இது!

தயிரின் புளிப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. நோய் தரும் கிருமிகள் பலவற்றுக்குப் புளிப்பு ஆகாது. அதனால் பாலை விடத் தயிர் அதிக நேரம் கெடாமல் இருக்கிறது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் பாலைக் காப்பாற்ற மனிதன் கண்ட வழி இது.

எந்த மாட்டுப் பால் நல்லது?

மேகமலை, வருசநாடு அடிவாரங்களில் "மலைமாடு" என்ற நாட்டு மாட்டைப் பட்டி போட்டு வளர்க்கிறார்கள். ஜல்லிக்கட்டுக்கும் உழவுக்கும் எருவுக்கும் பெயர் பெற்ற மாடு. ஆனால் பால் குறைவாகவே கொடுக்கும். பால் சொசைட்டிக்கும் கடைக்கும் வருவது பெரும்பாலும் கலப்பின மாட்டுப் பாலும் எருமைப் பாலும்தான்.

"நாட்டு மாட்டுப் பால் இல்லையே, தயிரில் சத்து இருக்குமா?" என்று கவலைப்பட வேண்டாம். பாலைத் தயிராக்குவது உறையில் இருக்கும் கிருமி. எந்தப் பாலிலும் அது வேலை செய்யும்.

குடலுக்குள் ஓர் ஊர்

தயிரில் மட்டுமா கிருமி இருக்கிறது? நம் உடம்பிலும் இருக்கிறது.

எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 38 லட்சம் கோடி! இஸ்ரேல் நாட்டில் உள்ள வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2016-ம் ஆண்டில் போட்ட கணக்கு இது. மனிதனின் சொந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். அதாவது, நம்மை விட நமக்குள் இருக்கும் கிருமிகள் எண்ணிக்கையில் அதிகம்!

அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோ கூட வராது. அவ்வளவு சிறியவை.

இவை சும்மா இருப்பது இல்லை. கீரை, பயறு, கம்பு, கேழ்வரகு, வாழைத்தண்டு இவற்றில் உள்ள நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. குடல் கிருமிகள் அதைத் தின்று, குடலுக்கு வேண்டிய சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. சில வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன.

இன்னொரு பெரிய உதவியும் உண்டு. ஊர் நிறையக் குடி இருந்தால் திருடன் வந்து தங்க இடம் கிடைக்காது அல்லவா? அதுபோல நல்ல கிருமிகள் நிறைந்த குடலில், பேதிக் கிருமி வந்து காலூன்றுவது கடினம்.

குடலே காவல் நிலையம்

நோய் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கிறது என்று கேட்டால், "ரத்தத்தில்" என்று பலரும் சொல்வார்கள். ரத்தத்தில் இருப்பது உண்மை. ஆனால் உடம்பின் காவல்காரர்களில் பெரும் பங்கினர் குடலை ஒட்டித்தான் முகாம் போட்டிருக்கிறார்கள்.

ஏன்? வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ள குழாய் வெளி உலகத்துக்குத் திறந்த வழி. சாப்பாட்டோடு எத்தனையோ கிருமிகள் உள்ளே வருகின்றன. குடலுக்கும் உடம்பின் உட்புறத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள்தான். அவ்வளவு மெல்லிய சுவர். அங்கே காவல் பலமாக இருக்க வேண்டாமா?

சிறுகுடலின் சுவரில் காவல் சாவடிகள் போல இருக்கும் திட்டுகளை, 1677-ம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்து டாக்டர் பேயர் விவரித்து எழுதினார். அவர் பெயரால் அவற்றை இன்றும் "பேயர் திட்டு" என்கிறார்கள்.

அந்தச் சாவடியில் உள்ள காவல்காரர்கள், வருகிற கிருமிகளைப் பிடித்துப் பார்க்கிறார்கள். "இவன் நம் ஊர்க்காரன், விட்டுவிடு." "இவன் எதிரி, அடி." இப்படிப் பிரித்து அறியப் பழகுகிறார்கள். இந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுப்பவையே குடலில் உள்ள நல்ல கிருமிகள்தான்.

காவல் குறைந்தால் நோய் வரும். காவல் மிஞ்சிப் போனாலும் ஆபத்துதான். காவல்காரர்கள் சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்குவார்கள். குடல் புண்ணாகும். ஆகவே, நோய் எதிர்ப்புச் சக்தி பெருகினால் மட்டும் போதாது. அளவாக இருக்க வேண்டும்.

தயிரைப் புகழ்ந்த விஞ்ஞானி

தயிரையும் நோய் எதிர்ப்புச் சக்தியையும் முதலில் உலகத்தின் கண்முன் கொண்டுவந்தவர் ஒருவரே. அவர் பெயர் எலி மெச்னிகாவ். ருஷியப் பேரரசில் 1845-ம் ஆண்டு பிறந்தவர்.

1882-ம் ஆண்டு. இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊரில் அவர் இருந்தார். ஒரு நாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றின் உடம்பில் ஒரு சின்ன முள்ளைக் குத்தி வைத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், அந்த முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் கூட்டமாக வந்து வளைத்துக் கொண்டிருந்தன! எதிரியை வளைத்து விழுங்கும் காவல் அணுக்களை அவர் கண்டுகொண்டார். இதற்காக 1908-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனி விஞ்ஞானி பால் எர்லிக் அந்தப் பரிசைப் பங்கிட்டுக் கொண்டார்.

பிறகு மெச்னிகாவ் பாரிஸ் நகரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். பல்கேரியா நாட்டுக் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். அவர்கள் தினமும் தயிர் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரிந்தது. பல்கேரியத் தயிரில் உள்ள கிருமியை 1905-ம் ஆண்டில் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மருத்துவ மாணவர் கண்டுபிடித்திருந்தார்.

"குடலில் உள்ள கெட்ட கிருமிகள் விஷத்தை உண்டாக்கி மனிதனை முதுமை அடையச் செய்கின்றன. தயிர்க் கிருமி அவற்றை அடக்கும்." மெச்னிகாவின் கருத்து இது. இதை 1907-ல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். தாமும் புளித்த பால் குடித்து வந்தார். ஐரோப்பாவில் தயிருக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டுவிட்டது!

அவர் 1916-ம் ஆண்டில், 71-வது வயதில் காலமானார்.

வந்து போகும் விருந்தாளி

மெச்னிகாவ் சொன்னது அப்படியே பலித்ததா? இல்லை.

தயிர் சாப்பிட்டால் நூறு வயது வாழலாம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பல்கேரியத் தயிர்க் கிருமி குடலில் குடியேறித் தங்குவதும் இல்லை.

வயிற்றில் உள்ள கடுமையான அமிலத்தில் தயிர்க் கிருமிகளில் பெரும்பாலானவை மடிகின்றன. தப்பிப் பிழைத்தவை குடலுக்குள் போகின்றன. சில நாட்களில் மலத்தோடு வெளியேறி விடுகின்றன.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. விருந்தாளி நம் வீட்டிலேயே தங்கிவிடுவது இல்லை. ஆனால் வந்த இடத்தில் ஒரு கை வேலை செய்துவிட்டுப் போகலாம் அல்லவா? தயிர்க் கிருமியும் போகிற வழியில் புளிப்பை உண்டாக்குகிறது. காவல் சாவடியில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறது.

அதனால் ஒரு நாள் விருந்தில் குண்டான் நிறையத் தயிர் சாப்பிடுவதை விட, தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடுவதே மேல்.

பால் ஆகாதவருக்குத் தயிர் ஆகும்!

சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், இரையும், பேதியாகும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் பொருள் அவர்கள் குடலில் குறைந்து போனதே காரணம்.

இது நம் பக்கத்தில் மிகவும் அதிகம். 1981-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், திருவனந்தபுரத்திலும் பாண்டிச்சேரியிலும் சோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பால் சர்க்கரை செரிக்கவில்லை. டெல்லியில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்கே இந்தத் தொல்லை இருந்தது.

இவர்களில் பலருக்குத் தயிர் தொல்லை தருவது இல்லை. ஏன்? தயிர்க் கிருமி பால் சர்க்கரையில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிட்டது. மீதியைச் செரிக்கும் பொருளையும் தன்னோடு கொண்டு வருகிறது!

தயிரின் நன்மைகளில் மிகவும் உறுதியாக நிலைநாட்டப்பட்டது இதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2010-ம் ஆண்டில் இதை ஒப்புக்கொண்டது.

கொல்கத்தாவில் ஒரு சோதனை

பால் செரிப்பது சரி. நோயைத் தடுக்குமா?

தேனியிலும் சரி, வேறு எங்கும் சரி, பெற்றோரின் பெரிய கவலை குழந்தைகளின் பேதி. இந்தக் கேள்விக்கு விடை தேடி, நம் நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது.

கொல்கத்தாவில், நெருக்கமான குடிசைப் பகுதியில் வசிக்கும் 3,758 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாரும் 1 வயது முதல் 5 வயது வரை உள்ளவர்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்குத் தினமும் புளித்த பால் பானம் கொடுத்தார்கள். அதில் 650 கோடி நல்ல கிருமிகள் இருந்தன. ஜப்பான் டாக்டர் மினோரு ஷிரோட்டா 1930-ம் ஆண்டில் பிரித்தெடுத்த கிருமி வகை அது. மறு பாதிக் குழந்தைகளுக்கு அதே சுவையில், கிருமி இல்லாத பானம். யாருக்கு எது என்று தாய்மாருக்குத் தெரியாது.

12 வாரம் கொடுத்தார்கள். மேலும் 12 வாரம் கவனித்தார்கள்.

முடிவு 2011-ல் வெளிவந்தது. கிருமி இல்லாத பானம் குடித்தவர்களில் 674 குழந்தைகளுக்குப் பேதி வந்தது. நல்ல கிருமி குடித்தவர்களில் 608 குழந்தைகளுக்கு வந்தது. பேதி வரும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நன்மை உண்டு. ஆனால் மிகவும் பெரிய நன்மை இல்லை. நல்ல கிருமியைக் குடித்தும் 608 குழந்தைகளுக்குப் பேதி வந்தது அல்லவா? நல்ல தண்ணீரும் கக்கூசும் கை கழுவும் பழக்கமும் செய்ய வேண்டிய வேலையைத் தயிர் ஒன்றே செய்துவிடாது.

ஒடிசாவில் 4,556 குழந்தைகள்

இதை விட வியப்பான சோதனை ஒடிசாவில் நடந்தது. டாக்டர் பினாகி பாணிக்ரஹியும் அவருடைய குழுவினரும் 149 கிராமங்களில் பிறந்த 4,556 பச்சிளம் குழந்தைகளைக் கவனித்தார்கள்.

பிறந்த சில நாட்களிலேயே, ஒரு பாதிக் குழந்தைகளுக்கு 7 நாள் மட்டும் ஒரு நல்ல கிருமியையும், அது தின்பதற்கான ஒரு வகைச் சர்க்கரையையும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு வெறும் பொடி. 60 நாள் வரை கவனித்தார்கள்.

வெறும் பொடி பெற்றவர்களில் 100-க்கு 9 குழந்தைகள் ரத்தத்தில் கிருமி பரவும் கடும் நோய்க்கு ஆளானார்கள் அல்லது இறந்தார்கள். நல்ல கிருமி பெற்றவர்களில் அது 100-க்கு 5 அல்லது 6 என்று குறைந்தது! பேதி மட்டும் அன்றி, மூச்சுக் குழாய் நோயும் குறைந்தது. குடலில் கொடுத்த மருந்து நெஞ்சையும் காத்தது! 2017-ம் ஆண்டில் இது வெளியானபோது உலகம் முழுவதும் டாக்டர்கள் இதைப் பற்றிப் பேசினார்கள்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை! இதைப் படித்துவிட்டுப் பச்சிளம் குழந்தைக்குத் தயிரோ மோரோ புகட்டக் கூடாது. ஒடிசாவில் கொடுத்தது தேர்ந்தெடுத்து, சுத்தமாகத் தயாரித்த ஒரே வகைக் கிருமி. கொடுத்தது நிறை மாதத்திலோ அதை ஒட்டியோ பிறந்த குழந்தைகளுக்கு. குறை மாதக் குழந்தைகளுக்கு இத்தகைய கிருமி மருந்தே ஆபத்தாகலாம் என்று 2023-ம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

முதல் 6 மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர் கூட வேண்டாம். தாய்ப்பாலில், குழந்தை செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அது யாருக்கு? குழந்தையின் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கு! பிள்ளைக்கும் பிள்ளையின் காவல்காரனுக்கும் சேர்த்தே தாய் பால் கொடுக்கிறாள்.

எல்லா இடத்திலும் பலித்ததா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 971 குழந்தைகளையும், கனடாவில் 886 குழந்தைகளையும் வைத்து இரண்டு சோதனைகள் நடந்தன. எல்லாரும் வயிற்றுப்போக்கு, வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். புரோபயாட்டிக் கொடுத்ததால் நோய் சீக்கிரம் தீரவில்லை. இந்த முடிவுகள் 2018-ல் வெளியாயின.

அதே ஆண்டில் இஸ்ரேலில் இன்னொரு உண்மை தெரிந்தது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் கெட்ட கிருமியோடு நல்ல கிருமியும் சாகும். அதை ஈடு செய்யச் சிலருக்குப் புரோபயாட்டிக் கொடுத்தார்கள். ஆனால், அதைச் சாப்பிட்டவர்களின் குடலில் பழைய கிருமிகள் திரும்பி வரக் கூடுதல் நாள் பிடித்தது! வந்த விருந்தாளி, வீட்டுக்காரனை உள்ளே வரவிடவில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? கிருமிகள் எல்லாம் ஒன்று அல்ல. ஒரு வகை செய்வதை இன்னொரு வகை செய்யாது. ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்காமல் போகலாம். டாக்டர் ஒரு நோய்க்கு ஒரு வகையை எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று நாமே வாங்கி விழுங்குவது காசுக்குக் கேடு.

பேதிக்கு முதல் மருந்து

பேதி வந்த குழந்தை சாவது ஏன்? உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியேறிப் போவதால். ஆகவே முதல் மருந்து, உப்பு-சர்க்கரைக் கரைசல்.

இதன் பெருமையும் வங்காளத்தில்தான் தெரிந்தது. 1971-ம் ஆண்டில் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்துத் தண்ணீர் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் வீட்டாரையே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்!

அந்தக் கரைசல் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. பொட்டலத்தில் சொன்ன அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள். அளவை டாக்டரோ நர்ஸோ சொல்வார். பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 6 மாதம் கடந்து, சோறு சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த தயிர்ச் சோறு கொடுக்கலாம். அது மருந்துக்குத் துணை.

குழந்தையின் கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, சோர்ந்து துவண்டாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கம்பத்திலும் பெரியகுளத்திலும் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்குமா?

இது பல வீடுகளில் நடக்கும் வழக்கு. சளியை உண்டாக்குவது வைரஸ் என்ற கிருமி. தயிர் அல்ல.

புரோபயாட்டிக் சாப்பிட்டால் சளி, தொண்டை நோய் குறையுமா என்று நடந்த பல ஆராய்ச்சிகளை 2022-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஓரளவு குறைவது போலத் தெரிந்தது. ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று பலமாக இல்லை.

2021-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 10 வாரம் ஒரு பகுதியினர் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டார்கள். அவர்கள் குடலில் கிருமி வகைகள் பெருகின. ரத்தத்தில், வீக்கத்தைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. மிஞ்சிப் போகும் காவலைத் தயிர் தணிக்கலாம் என்பதற்கு இது ஓர் அடையாளம். 36 பேர் என்பது சிறிய கூட்டம். எனவே முடிந்த முடிவு என்று சொல்ல முடியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பாலைப் பொங்கக் காய்ச்ச வேண்டும். காய்ச்சாத பாலில் நோய்க் கிருமி இருக்கலாம். ஆறி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே உறை ஊற்ற வேண்டும். சூடான பாலில் ஊற்றினால் உறைக் கிருமி வெந்து சாகும்.

மோர்க் குழம்பு ருசியானது. ஆனால் கொதித்த குழம்பில் உயிருள்ள கிருமி இருக்காது. உயிருள்ள கிருமி வேண்டும் என்றால், ஆறிய சோற்றில் பிசைந்த தயிரும் மோரும்தான் சரி.

வெண்ணெய் எடுத்த மோரிலும் கிருமி உண்டு, புரதம் உண்டு, கொழுப்பு குறைவு. பாலுக்குக் கணக்குப் பார்க்கும் ஏழை வீட்டுக்கு மோரே போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தண்ணீர்! மோர் சுத்தம், அதில் கலக்கும் தண்ணீர் அழுக்கு என்றால், நல்லவனோடு திருடனையும் சேர்த்து வீட்டுக்குள் விட்டது போல் ஆகும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைக் கலக்குங்கள். நீர்மோர்ப் பந்தல் வைப்பவர்கள் தண்ணீரையும் ஐஸ் கட்டியையும் இரண்டு முறை கவனிக்க வேண்டும். தாகம் தீர்க்கக் கொடுத்தது பேதியில் முடியக் கூடாது.

கடைகளில் விற்கும் சில பானங்களில் சர்க்கரை கூடுதலாக இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். புற்று நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோபயாட்டிக் மாத்திரை சாப்பிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. தயிர்க் கிருமி விருந்தாளி என்று பார்த்தோம். வீட்டுக்காரர்களான குடல் கிருமிகளுக்குச் சாப்பாடு என்ன? நார்ச்சத்து! பள்ளத்தாக்கில் விளையும் வாழையின் தண்டும் பூவும், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளையும் சோளமும் கம்பும், கொல்லையில் முளைக்கும் கீரையும் அவற்றுக்கு விருந்து. கம்பங்கூழில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தவர்கள், விருந்தாளிக்கும் வீட்டுக்காரனுக்கும் ஒரே கலயத்தில் சோறு போட்டார்கள்!

பாட்டி சொன்னது பெரும்பாலும் சரிதான். தயிர் சர்வரோக நிவாரணி அல்ல. தினமும் வந்து, கொஞ்சம் வேலை செய்துவிட்டுப் போகிற நல்ல துணை. அதற்குத் தேவை ஒரு சட்டி பால், ஒரு கரண்டி உறை, சுத்தமான கை. இன்று இரவே பாலை உறை ஊற்றி வைக்கலாம்!